வண்டி நிற்கும் நாளை நாமே குறிப்போம்

செங்கத்திலிருந்து பரமனந்தல் வழியாக ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் போகும் சாலையிலும், இந்தப் பக்கம் தண்டராம்பட்டு, சாத்தனூர் அணையைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் தையல் மெஷின் பழுது பார்ப்பது என் தொழில். நூல் அறுக்கும் மெஷின், தையல் விட்டுப்போகும் மெஷின், மோட்டார் எரிந்த மெஷின் என்று எது நின்றாலும் எனக்குப் போன் வரும். "அண்ணே, நாளன்னிக்கு முகூர்த்தம், ஜாக்கெட்டெல்லாம் வெட்டி அப்படியே கெடக்குது, சீக்கிரம் வாங்கண்ணே" என்று எதிர்முனையில் குரல் பதறும். கருவிப் பெட்டியையும், சில நாள் ஒரு மெஷின் தலையையும் பின் சீட்டில் கட்டிக்கொண்டு கிளம்புவேன். அதற்கு என்னிடம் இருப்பது பழைய ஸ்ப்ளெண்டர் ஒன்றுதான். வீட்டில் வேறு வண்டி கிடையாது. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும், ரேஷன் அரிசி எடுத்து வருவதும், மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அதே வண்டிதான்.

எங்கள் பக்கம் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை என்று மட்டும் டவுன் பஸ் வரும் ஊர்கள் நிறைய. பஸ்ஸில் மெஷின் தலையோடு ஏறி இறங்கி ஒரு வீட்டு வேலையை முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வண்டியில் போனால் அதே நாளில் நாலைந்து வீடு பார்க்கலாம். வண்டி ஒரு நாள் பட்டறையில் கிடந்தால் மெக்கானிக்குக் கொடுக்கும் கூலியை மட்டும் நான் இழப்பதில்லை. அந்த நாலைந்து வீட்டு வருமானம் போகிறது. அவசரத்துக்கு ஆட்டோ பிடித்த காசு போகிறது. காத்திருந்து பார்த்த தையல்காரம்மா அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுகிறார். பால் எடுப்பவர், தவணைக்குத் துணி விற்பவர், கூரியர் பையன், சென்னையில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர் என்று ஒரே வண்டியை நம்பிப் பிழைக்கும் எல்லோருக்கும் இதே கணக்குதான்.

எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் வண்டி என்றாவது ஒரு நாள் நிற்கத்தான் செய்யும். அந்த நாளை வண்டியின் போக்குக்கு விட்டுவிடாமல், நாமே குறித்து, நாமே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. இதற்கு மெக்கானிக் வேலை முழுதும் தெரிய வேண்டியதில்லை. எந்தப் பாகம் சொல்லிக்கொண்டு கெடும், எது திடீரென்று காலை வாரும் என்று பிரித்துத் தெரிந்திருந்தால் போதும். திடீரென்று போகும் சாமானுக்கு மாற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். சொல்லிக்கொண்டு கெடும் சாமானுக்கு ஒரு தேதி வைக்க வேண்டும்.

திடீரென்று போவது எதெது? கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், ஸ்பார்க் பிளக், ஃபியூஸ், செயின் லாக், அப்புறம் பஞ்சர். என் வண்டியின் பக்கப்பெட்டியில் இவை எல்லாவற்றுக்கும் ஒரு மாற்று இருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு சாப்பாட்டு டப்பா அளவுக்குள் அடங்கிவிடும். அதோடு பிளக் கழற்றும் ஸ்பேனர், ஒரு கொறடு, ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் கட்டுக்கம்பி, கறுப்பு டேப். டார்ச் கட்டாயம் தனியாக வேண்டும். போன் வெளிச்சத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கேபிள் மாட்ட முடியாது.

கிளட்ச் கேபிள் சொல்லாமல் அறுகிறது என்பார்கள். பார்த்தால் அதுவும் முன்கூட்டியே சொல்கிறது, நம் கண்ணுக்குப் படாத இடத்தில் சொல்கிறது. கிளட்ச் லீவருக்குள் மாட்டும் முனையில் ஈயக் குண்டு ஒன்று இருக்கும். அதை ஒட்டியுள்ள முறுக்குக் கம்பி, லீவரைப் பிடிக்கும்போதெல்லாம் மடங்கி நிமிர்கிறது. முதலில் ஓர் இழை விடும். சில வாரம் கழித்து இன்னொன்று. லீவரின் ரப்பர் உறையை விலக்கி அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். விட்ட இழை சுருக்கென்று குத்தும். குத்தினால் அந்த வாரமே கேபிளை மாற்றிவிடுவேன். நீண்ட மலைப்பயணத்துக்கு முன்னால் புதுக் கேபிளைப் பழையதை ஒட்டியே ஓட்டி, இரண்டு முனையிலும் டேப் சுற்றி வைப்பவர்கள் உண்டு. நல்ல பழக்கம். வழியில் அறுந்தால் முனைகளை மாற்றி மாட்டினால் போதும், இருட்டில் டாங்கைக் கழற்றும் வேலை இல்லை.

மாற்றுக் கேபிள் இல்லாத இடத்தில் அறுந்துபோனாலும் வண்டியைப் பட்டறை வரை கொண்டுவந்துவிடலாம். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு நாலு எட்டு ஓடி, ஏறி உட்கார்ந்த வேகத்தில் முதல் கியரை அழுத்தினால் ஒரு குலுக்கலோடு பிடித்துக்கொள்ளும். அடுத்த கியருக்கு ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டு அதே நொடியில் கியரை மிதிக்க வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலையில் மட்டும் இதைச் செய்யலாம். கடைத்தெருவில் செய்யவே கூடாது. ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்தால் இன்னும் சுலபம். கார்புரேட்டரில் ஐட்லிங் கூட்டும் ஸ்க்ரூவை நன்றாகத் திருகி வைத்தால், முதல் கியரிலோ இரண்டாவதிலோ வண்டி மெதுவாக நகர்ந்து ஊர் போய்ச் சேரும்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மூச்சு வாங்க உதைத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. முதலில் பெட்ரோல் இருக்கிறதா, ரிசர்வில் திருப்பியிருக்கிறோமா என்று பாருங்கள். அடுத்து பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் இரும்பு உடம்பை இன்ஜின் மேல் வைத்துக் கிக்கரை உதைத்தால் முனையில் நீலப் பொறி தெறிக்க வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது, பிளக்கைக் கையால் பிடிக்காமல் கேப்பைப் பிடிக்க வேண்டும். பொறி வந்தால் கோளாறு பெட்ரோல் பக்கம். வராவிட்டால் கரண்ட் பக்கம். இவ்வளவு தெரிந்தாலே மெக்கானிக்குக்குப் போனில் சொல்லி, அவர் வரும்போதே தேவையான சாமானைக் கொண்டுவரச் செய்யலாம். அரை நாள் மிச்சம்.

கழற்றிய பிளக்கை அப்படியே மாட்டிவிடாமல் அதன் முனை நிறத்தைக் கவனியுங்கள். பிஸ்கட் நிறம் என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது. கரி அப்பி வறண்ட கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் எரிகிறது, பெரும்பாலும் ஏர் ஃபில்டர் தூசியால் அடைந்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரக் கறுப்பாக இருந்தால் ஆயில் மேலேறுகிறது, பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடாகிறது.

பஞ்சரைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பஞ்சாயத்துச் சாலை ஓரமெல்லாம் சீமைக் கருவேல முள். ஒன்று மட்டும் சொல்கிறேன். காற்று இறங்கியதும் இறங்கித் தள்ளுங்கள். "பக்கத்துல தானே கடை" என்று ஏறி ஓட்டினால் ரிம்மில் டயர் நழுவி, டியூபின் வால்வு அடியோடு பிய்ந்துவிடும். ஒட்டில் முடிய வேண்டியது புது டியூபில் முடியும். ட்யூப்லெஸ் டயர் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். குத்திய இடத்தில் ரப்பர் திரியைச் செருகிக் காற்றடிக்கும் சாமான் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் சக்கரத்தைக் கழற்றாமலே கிளம்பிவிடலாம்.

இனி, சொல்லிக்கொண்டு கெடும் பாகங்களுக்கு வருகிறேன். இங்கேதான் நிறையப் பேருடைய காசும் நாளும் வீணாவதைப் பார்க்கிறேன்.

செயின். நடுவில் விரலால் தூக்கினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் ஆட வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் இறுக்க வேண்டும். இறுக்கி இறுக்கி அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டுக்கு வந்துவிட்டால் செயினின் ஆயுள் முடிந்தது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கம் செயினைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் மாற்ற வேண்டும். ஸ்ப்ராக்கெட் பற்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கொக்கி போல வளைந்திருந்தாலும் அப்படித்தான். காசு மிச்சம் என்று செயினை மட்டும் மாற்றாதீர்கள். தேய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும். முன் பல், பின் பல், செயின் மூன்றையும் செட்டாகப் போட வேண்டும். போட்டு முடித்ததும் லாக் கிளிப்பை நீங்களே குனிந்து பாருங்கள். அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டியிருந்தால் கல் பட்டுக் கழன்று விழும். ஓட்டத்தில் செயின் அறுந்தால் வண்டி நிற்பதோடு போகாது. பின் சக்கரத்தில் சுற்றிப் பூட்டிவிடும், அல்லது முன் ஸ்ப்ராக்கெட் பக்கம் இன்ஜின் கேஸை உடைத்துவிடும்.

பிரேக் ஷூ தேய்வதைக் கழற்றாமலே பார்க்க ஓர் ஏற்பாடு வண்டியிலேயே இருக்கிறது. டிரம் பிரேக்கில், லீவர் மாட்டியிருக்கும் இடத்தில் சின்ன அம்புக்குறி ஒன்று இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்தும்போது அந்த அம்பு எதிரே உள்ள கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்துவிட்டது. பின் பிரேக் நட்டைத் திருகி ஓட்டலாம் என்று நினைக்கக் கூடாது. மலைச் சாலையில் இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக்கின் மேல். டிரம் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும்.

டயருக்கு வயது உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கட்டை தேயாமல் இருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தால் அந்த டயரை நம்பக் கூடாது. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஓர் இடத்தில் தட்டி நின்றால் கோன் செட் போய்விட்டது. சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடுகிறதா, பியரிங்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாள் முழுதும் மெஷின் சத்தத்தைக் கேட்டே கோளாறு கண்டுபிடிக்கும் தொழிலில் இருப்பவன் நான். தையல் மெஷினில் சத்தம் குறையக் குறைய நல்லது. வண்டி இன்ஜினில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இன்ஜின் தலைப்பகுதியில் சீராக டிக் டிக் என்று கேட்பது டாப்பெட். வால்வின் முனைக்கும் அதைத் தட்டும் கைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டுத்தான் கம்பெனியே வைக்கிறது. சூட்டில் வால்வு நீளும், அதற்கு இடம் வேண்டும். கொஞ்சம் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். அதைக் கேட்கப் பிடிக்காமல் "சத்தமே வரக் கூடாது" என்று சொல்லி அந்த இடைவெளியை இறுக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். இறுக்கினால் வால்வு முழுதாக மூடாது. எரியும் காற்று அந்தச் சந்தில் சீறி வால்வின் விளிம்பைத் தின்னும். அதற்குச் சத்தமே வராது. ஒரு நாள் வண்டிக்கு இழுவை இல்லை, கம்ப்ரெஷன் இல்லை என்று போய் நின்றால் இன்ஜின் தலையைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

டைமிங் செயின் சத்தம் வேறு. ஆக்சிலேட்டரை விடும்போது இன்ஜினின் ஒரு பக்கம் கரகரவென்று உரசும். வாரம் ஆக ஆக அதிகமாகும். அதற்குத் தேதி வைத்துவிட வேண்டும். கீழே இருந்து அடிவயிற்றில் இடிப்பது போல டங் டங் என்று கனத்த சத்தம் வந்தால் தேதியெல்லாம் கிடையாது, அன்றைக்கே அங்கேயே நிறுத்த வேண்டும். கிராங்க் பக்கம் கோளாறு. ஓட்ட ஓட்டச் செலவு கூடும்.

இந்தப் பெரிய வேலைகள் பெரும்பாலும் ஆயிலில் தொடங்குகின்றன. சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஆயில் மூடியோடு வரும் அளவுக் குச்சியைத் துடைத்து, திருகாமல் துளைக்குள் வைத்து எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிஷம் ஆகாது. இரண்டு கோட்டுக்கு நடுவே ஆயில் இருக்க வேண்டும். பழைய வண்டி ஆயில் குடிக்கும். அடுத்த சர்வீஸ் வரை காத்திருந்தால் நடுவிலேயே வற்றிவிடும். காருக்கு ஊற்றும் ஆயில் மீதமிருக்கிறது என்று வாங்கி ஊற்றாதீர்கள். நம் வண்டிகளில் கிளட்ச் பிளேட்டுகள் அதே ஆயிலில்தான் முங்கியிருக்கின்றன. கார் ஆயில்கள் பலவற்றில் வழுக்கலைக் கூட்டும் மருந்து சேர்த்திருப்பார்கள். கிளட்ச் பிடிக்காமல் வழுக்கும். புட்டியின் பின்னால் ஜாசோ எம்.ஏ. என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பைக் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான ஜப்பானியத் தர முத்திரை அது. மழைக்காலத்தில் தண்ணீரில் இறங்கி வண்டி நின்றுவிட்டால் உடனே செல்ஃபை அழுத்த வேண்டாம். ஆயில் வெளுத்து நுரைத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

இப்போது பங்கில் ஊற்றும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே, அதற்கென்று செய்யப்படாத இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 விழுக்காடு குறையும் என்று சொல்கிறது. மைலேஜைவிட எனக்குக் கவலை ரப்பர் டியூபும் டாங்கின் அடியும்தான். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பல நாள் ஓடாமல் நிற்கும் பழைய வண்டியில் டாங்க் அடியில் தண்ணீர் சேர்ந்து துரு பிடிக்கும். கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் டியூபை விரலால் வளைத்துப் பார்த்து, விறைத்தோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். சொற்பக் காசு.

புது வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு விதமான பாடு. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதி வந்தபோது இங்கே விற்கும் புது மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வந்தது. புகை குறைவு, ஸ்டார்டிங் நன்றாக இருக்கும். நடுவழியில் நின்றால் மட்டும் கொறடும் ஸ்க்ரூ டிரைவரும் உதவாது. ஸ்கேனர் வைத்திருக்கும் ஆள் வேண்டும். அந்த வண்டிகளில் பேட்டரிதான் உயிர். பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் பல வண்டிகளில் பெட்ரோல் பம்ப் ஓடாது, கிக்கர் உதைத்தாலும் பயனில்லை. காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, ஹார்ன் கம்மிப்போய்க் கேட்கிறது என்றால் பேட்டரி நோட்டீஸ் கொடுத்துவிட்டது என்று பொருள். டாங்கை வறள விட்டு ஓட்டுவதும் கூடாது. பம்ப் டாங்குக்குள்ளேயே இருக்கிறது, சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதன் சூட்டைத் தணிக்கிறது. பிழைப்புக்காக ஒரே ஒரு வண்டி வாங்கப் போகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் தாலுகா ஊரில் அந்த மாடலைப் பிரிக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா, கேபிளும் ஷூவும் அன்றைக்கே கிடைக்குமா? விளம்பரத்தில் வரும் மைலேஜைவிட இது முக்கியம். ஸ்ப்ளெண்டர் 1994-ல் வந்த வண்டி. மலை மேல்கூட அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஆள் கிடைப்பார்.

காசு விஷயம். பழுதுக்கென்று தனியாக ஒதுக்காதவர்கள் கடைசியில் மெக்கானிக்கின் கடன் நோட்டில்தான் ஏறுகிறார்கள். புது வண்டி வாங்க எல்லோரும் கடன் தருகிறார்கள், ஓடும் வண்டியை ஓட வைக்க யாரும் தருவதில்லை. நான் 200 ரூபாய்க்குப் பெட்ரோல் போடும்போதெல்லாம் 30 ரூபாயைத் தனி டப்பாவில் போடுகிறேன். வண்டி ஓடினால்தான் தேய்மானம், ஓடினால்தான் பெட்ரோல், ஆகவே இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். மாதம் பிறந்தால் ஒதுக்கலாம் என்பது கூலிக்காரர் வீட்டில் நடக்காத காரியம்.

மெக்கானிக்கிடம் எப்படிப் போக வேண்டும் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. "வண்டிய பாருங்க" என்று பொதுவாகச் சொன்னால் அவரும் பொதுவாகத்தான் பார்ப்பார். எப்போது சத்தம் வருகிறது, சூட்டிலா குளிரிலா, ஏற்றத்திலா இறக்கத்திலா என்று சொன்னால் அவர் கை நேராக அந்த இடத்துக்குப் போகும். எங்கள் ஊர் மெக்கானிக் என்னைவிட மூத்தவர். அவரிடம் நான் எப்போதும் கேட்பது, "அண்ணே, இது எத்தன நாள் தாங்கும்?"

"செயினு இன்னும் ரெண்டு மாசம் ஓட்டிக்கலாம் தம்பி. பிரேக்க மட்டும் இன்னிக்கே மாத்திக்கினு போ. நீ மலைக்குப் போறவன்."

இந்தப் பதில்தான் எனக்கு வேண்டும். எது தாங்கும், எது தாங்காது என்று பிரித்துச் சொல்லும் மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் இன்றே மாற்ற வேண்டும் என்பவரும், "ஒண்ணும் ஆகாது ஓட்டு" என்பவரும் நம்மைப் போன்றவர்களுக்கு ஆகாது. நல்ல மெக்கானிக்கின் நேரத்தையும் மதிக்க வேண்டும். திங்கள்கிழமை காலை அவர் கடை வாசலில் கூட்டம். நான் முதல் நாளே போன் செய்து, சாமானை நானே வாங்கி வைத்து, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வண்டியை விட்டுவிடுவேன். ராத்திரி கழற்றி வைத்தால் காலை ஒன்பதுக்குக் கையில் கிடைக்கும். நான் இழப்பது ஒரு மணி நேரம். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சந்தேகப்பட்டுக் கேட்பதாக நினைக்க மாட்டார். எது எப்படித் தேய்ந்தது என்று கையில் வைத்துப் பார்த்தால் அடுத்த முறை நமக்கே முன்கூட்டித் தெரியும்.

ஒரு நாளில் முடியாத வேலை வந்தால் என்ன செய்வது? என் வண்டி இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் நீலம் பாய்ந்த வெள்ளைப் புகை. ஆயில் குறைகிறது. பிளக் ஈரக் கறுப்பு. ரிங் போய்விட்டது, ஒருவேளை சிலிண்டர் போரும் தேய்ந்திருக்கும். தேய்ந்திருந்தால் திருவண்ணாமலையில் லேத்துக்கு அனுப்பிச் சிலிண்டரைக் கடைந்து, 0.25 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட வேண்டும். நாலைந்து நாள் வேலை. ஜூனில் பள்ளிச் சீருடை, ஆவணியில் முகூர்த்தம், அப்புறம் தீபாவளி என்று தையல்காரர்களுக்கு மூச்சு விட நேரமில்லாத மாதங்களில் இதைச் செய்ய முடியாது. ஆடியில் கல்யாணம் இல்லை. அதனால் ஆடியைக் குறித்திருக்கிறேன். எங்கள் பக்கம் லேத்தும் பட்டறையும் அமாவாசைக்கு மூடியிருக்கும். ஆகவே ஆடி அமாவாசைக்கு மறுநாள் வண்டியை விடப் போகிறேன். அது வரை புகை கூடாமல் பார்த்துக்கொண்டு, வாரம் தவறாமல் ஆயில் அளவு பார்த்து ஓட்டுகிறேன்.

அந்த நாலைந்து நாளுக்குப் பக்கத்துத் தெருவில் பால் எடுக்கும் அண்ணனிடம் பேசிவைத்திருக்கிறேன். அவருக்கு வண்டி விடியற்காலையும் சாயங்காலமும்தான் வேண்டும். பகல் ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை எனக்குத் தருவார். அவர் வண்டி பட்டறைக்குப் போகும்போது என் வண்டி அவரிடம் போகும். இப்படி நேரம் மோதாத இருவர் பேசிவைத்துக்கொள்வது ஒவ்வொரு ஊரிலும் முடியும். இரவல் வண்டி எடுக்குமுன் அதன் இன்ஷூரன்ஸ் தேதியை மட்டும் பார்த்துவிடுங்கள். குறைந்தது மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் நடப்பில் இல்லாமல் அடுத்தவர் வண்டியில் விபத்து நடந்தால் இரண்டு குடும்பமும் தெருவுக்கு வரும்.

போர் போட்ட இன்ஜினைக் கொஞ்ச காலம் பாரம் ஏற்றாமல், விரட்டாமல் பழக்க வேண்டும் என்று மெக்கானிக் அண்ணன் இப்போதே சொல்லிவிட்டார். மெஷின் தலையைக் கட்டிக்கொண்டு அந்த வண்டியில் மலை ஏற முடியாது. அதனால் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துத் தையல்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்துகொண்டிருக்கிறேன். மெஷினில் சின்னக் குறை இருந்தாலும் ஆடி பிறப்பதற்குள் சொல்லிவிடுங்கள், வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று.